வயிற்றில் பிள்ளை, மனதில் பாரம்: தகப்பனாகப் போகிறவர்களோடு ஒரு பேச்சு

(கடியப்பட்டணத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் தாய் சேய் நலச் செவிலியர் ஒருவர் பேசியதின் எழுத்து வடிவம்)

 

குடும்ப நலக் கூட்டம் என்றால் பெண்கள்தான் வருவார்கள், ஆண்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். இன்றைக்கு இத்தனை ஆண்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். இன்றைய பேச்சே உங்களுக்காகத்தான்.

குடும்ப நலம் என்றால் ஊசி, சத்து மாத்திரை, எடை பார்ப்பது, இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் இடைவெளி விடுவது என்று நாங்கள் பல வருஷமாகப் பேசி வந்திருக்கிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்றால் அவள் எடையைப் பார்க்கிறோம், இரத்த அழுத்தம் பார்க்கிறோம், விரலில் குத்தி இரத்தம் எடுக்கிறோம், வயிற்றைத் தொட்டுப் பார்த்து பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கிறோம். எல்லாவற்றையும் அட்டையில் எழுதிக் கொடுக்கிறோம். ஆனால் அவளுடைய மனது எப்படி இருக்கிறது என்று எழுதுவதற்கு அந்த அட்டையில் கட்டம் போட்டிருந்தோமா? வெகுநாள் போடவில்லை. வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. "மாசமா இருக்கா, சந்தோஷமாத்தானே இருப்பா" என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறோம்.

ஒரு வீட்டுக் கதை சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். இந்தக் கடற்கரையில் எந்த ஊராகவும் இருக்கலாம்.

கல்யாணமாகி ஒரு வருஷம். கணவர் வளைகுடா நாட்டில் மீன்பிடிப் படகில் வேலை. பெண் மாமியார் வீட்டில் இருக்கிறாள், ஏழாம் மாதம். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரத்த அழுத்தம் சரி, பிள்ளையின் துடிப்பு சரி. எடை மட்டும் ஏறவில்லை. "சாப்பிடுறியா மக்களே?" என்றால் "சாப்பிடுதேன்". "தூக்கம் வருதா?" என்றால் "வருது". "வேற என்ன?" என்றால் "ஒண்ணுமில்ல நர்ஸம்மா". மூன்றாவது தடவை போனபோது மாமியார் எனக்குத் தேத்தண்ணீர் போட அடுக்களைக்குள் போனார். அந்த நேரத்தில் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நர்ஸம்மா, ராத்திரி முழுக்க முழிச்சுத்தான் கிடக்கேன். வயித்துல பிள்ளை அசையுது, எனக்கு ஒரு பாசமும் வரல்ல. செத்துப் போனா நல்லதுன்னு தோணுது. நான் பாவிதானே?"

தேத்தண்ணீரைக் குடிக்காமல் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பார்க்க வேண்டிய மற்ற வீடுகளை மறுநாளைக்குத் தள்ளினேன்.

அவள் பாவி இல்லை. அவளுக்கு வந்திருந்தது ஒரு நோய். மனச்சோர்வு என்று அதற்குப் பெயர். சர்க்கரை நோய், இரத்தச்சோகை போல அதுவும் கர்ப்ப காலத்தில் வருகிற ஒரு நோய்தான். உலகம் முழுவதும் எடுத்துக்கொண்டால் கர்ப்பிணிகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், பிரசவமான பெண்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கும் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு வருகிறது, அதில் மிகுதி மனச்சோர்வுதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் இந்தக் கணக்கு இன்னும் கூடுதல்.

அன்று சாயங்காலமே கணவரோடு தொலைபேசியில் பேசினேன். அவர் நம்பவில்லை. "அவளுக்கு அங்க என்ன கொறவு? மாசாமாசம் பணம் அனுப்புதேன்லா?" என்று கேட்டார். உண்மைதான், அனுப்பினார். பணம் அப்பாவின் கணக்குக்குப் போயிற்று. ஆசுபத்திரிக்குப் போக பஸ்ஸுக்குக்கூட அவள் மாமனாரிடம் கைநீட்ட வேண்டும். மாமனாரும் கெட்டவர் அல்ல, கேட்டால் கொடுப்பார். ஆனால் "என்னத்துக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து அவள் இரண்டு பரிசோதனைக்கு வரவேயில்லை. நாராங்காய் ஊறுகாய் தின்ன ஆசைப்பட்டு, அதையும் யாரிடமும் கேட்கவில்லை. கணவர் தொலைபேசியில் பேசும்போது பக்கத்தில் நாலு பேர். "சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? சரி, அம்மாகிட்ட கொடு." இரண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கணவர் உடனே விமானம் ஏறி வந்துவிடவில்லை. வர முடியாது, ஒப்பந்தம் அப்படி. ஆனால் மூன்று காரியம் செய்தார். அவள் பெயரிலேயே ஒரு சிறு தொகையை மாதந்தோறும் அனுப்பினார். தினமும் ராத்திரி அவளுடைய போனுக்கே பேசினார், அவள் மட்டும் அறையில் இருக்கும்போது. தன் அக்காவை வரச்சொல்லி, ஒவ்வொரு பரிசோதனைக்கும் மைனியும் மதினிப்பெண்ணுமாகப் போக ஏற்பாடு செய்தார். நாங்கள் அரசு ஆசுபத்திரியில் மனநல டாக்டரிடம் காட்டினோம். பேச்சு வைத்தியமும் மருந்தும் நடந்தது. பிரசவத்துக்குப் பிறகும் பல மாதம் நடந்தது. கணவர் பேசியதால் மட்டும் குணமாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் டாக்டர் ஒரு நாள் அவளிடம் "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டபோது அவள் முதலில் சொன்னது மருந்தைப் பற்றி இல்லை. "அவிய இப்போ என்கிட்ட கேக்காவ" என்றாள்.

இது ஒரு வீட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள்ளும் பார்த்தார்கள். 2002-ஆம் ஆண்டு அந்த முடிவு வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர். எந்தப் பெண்களுக்கு அது கூடுதலாக வந்தது என்றும் பார்த்தார்கள். வருமானம் குறைந்த வீடு. ஆண்பிள்ளையை எதிர்பார்த்துப் பெண்பிள்ளை பிறந்த வீடு. மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனத்தாங்கல் உள்ள வீடு. கர்ப்ப காலத்தில் ஏதாவது பெரிய துன்பம் நடந்த வீடு. கடைசியாக ஒன்று: வீட்டு வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாத வீடு.

கடைசியாகச் சொன்னதை ஆண்கள் கவனியுங்கள். தண்ணீர்க் குடம் தூக்க ஆளில்லை, மூத்த பிள்ளையைக் குளிப்பாட்ட ஆளில்லை, விறகோ கேஸ் சிலிண்டரோ நகர்த்த ஆளில்லை என்பது வெறும் இடுப்பு வலியோடு நின்றுவிடுவது இல்லை. அது மனநோய்க்கும் வழி வைக்கிறது. ஆகவே நீங்கள் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைத்தால் அது வைத்தியத்தில் சேர்த்திதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நம் ஊர்த் தொழிலைப் பற்றி எனக்குத் தெரியும். வள்ளத்தில் போகிறவர்கள் விடியுமுன்னே எழுந்து போய், வெயில் ஏறியதும் திரும்பி வருகிறீர்கள். வந்ததும் உடம்பு அசந்துவிடுகிறது. ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரையைப் பார்ப்பதில்லை. வெளிநாடு போனவர்கள் வருஷக்கணக்கில் இல்லை. மத்திய அரசு உத்தியோகஸ்தருக்கு மனைவியின் பிரசவத்துக்கு 15 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. கடலுக்குப் போகிறவனுக்கு யார் லீவு கொடுப்பார்? மீன் படுகிற நாளில் கரையில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. அதனால் "எப்போதும் மனைவி பக்கத்திலேயே இருங்கள்" என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிற நேரத்தில் எப்படி இருக்கிறீர்கள், இல்லாத நேரத்துக்கு என்ன ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறீர்கள் என்பதைத்தான் கேட்கிறேன்.

கரையில் இருக்கிறவள் படுகிற பாட்டையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியை இந்தக் கடற்கரை மறக்கவில்லை. 2017 நவம்பர் 29 இரவும் 30-ஆம் தேதியும் அடித்த ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்துக் கடற்கரையிலிருந்து போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்த நாட்களில் கைப்பிள்ளைக்காரிகளும் வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். இன்றைக்கும் காற்று கொஞ்சம் சீறினால் நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை என்று சொல்கிற பெண்களை நான் பார்க்கிறேன். உங்களுக்குக் கடல் தொழில். அவளுக்கு அது ராத்திரி முழுக்கக் காதில் விழுகிற சத்தம். ஆகவே கடலுக்குப் போகும் முன் வானிலை எச்சரிக்கையைக் கேட்பதும், உயிர்காப்புச் சட்டையை எடுத்துக்கொள்வதும், எந்தத் திசைக்குப் போகிறோம், எப்போது வருவோம் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போவதும் கர்ப்பிணியின் மனநலத்துக்குச் செய்கிற உதவிதான். "பொம்பளைகிட்ட என்னத்தச் சொல்ல?" என்று எழுந்து போனால், அவள் அந்த நேரம் முழுக்கக் கெட்டதையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

இனி, எப்படிப் பேசுவது என்பதைப் பற்றி. இதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

"சாப்பிட்டியா?" என்று கேட்பது அன்புதான். ஆனால் அதற்கு ஆம், இல்லை என்றுதான் பதில் வரும். "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது? முழிச்சதும் என்ன நினைச்சே?" என்று கேட்டுப் பாருங்கள். "பிரசவத்தை நினைச்சா பயமா இருக்கா?" என்று கேளுங்கள். அவள் பேச ஆரம்பித்தால் இடையில் புகுந்து புத்தி சொல்லாதீர்கள். "இதுக்கெல்லாமா அழுவாங்க", "எங்கம்மா எட்டு பெத்தா", "உனக்கு வேலையில்ல, அதான் யோசனை" இந்த மூன்று பேச்சும் வேண்டவே வேண்டாம். இவற்றைக் கேட்ட பெண் அடுத்த தடவை வாய் திறக்கமாட்டாள். பதில் தெரியாவிட்டால் "கஷ்டமாத்தான் இருக்கும், நான் இருக்கேன்" என்று சொன்னால் போதும். அல்லது ஒன்றும் சொல்லாமல் காலைப் பிடித்துவிடுங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காலில் தசைப்பிடிப்பு வரும், அதற்கும் நல்லது.

சண்டை போடாத புருஷன் பெண்சாதி கிடையாது. ஆனால் இந்தப் பத்து மாதமும் கை ஓங்கக் கூடாது. எப்போதுமே கூடாது, இந்தப் பத்து மாதத்தில் அடி விழுந்தால் இரண்டு உயிருக்கு விழுகிறது. குடியைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்யப் போவதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வலி கண்டால், வண்டி பிடிக்க வேண்டியவன் நிதானமில்லாமல் கிடந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசியுங்கள். வீட்டில் அடி, மிரட்டல் என்று துன்பப்படுகிற பெண்கள் 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். இதைச் சொல்வதால் சில தம்பிமார் என்மேல் கோபப்படுவீர்கள். பரவாயில்லை.

ஆண்பிள்ளை விஷயம். கணியம்பாடியில் கண்டது போலவே கோவாவில் நடந்த ஆராய்ச்சியிலும், ஆண்பிள்ளை வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தாயின் மனச்சோர்வோடு சேர்ந்து வந்தது. பெண்பிள்ளை பிறந்ததற்குத் தாயைக் குற்றம் சொல்வது அறியாமை. தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் என்ற ஒரே வகைக் குரோமோசோம்தான் இருக்கும். தகப்பனின் உயிரணுவில்தான் எக்ஸ், ஒய் என்று இரண்டு வகை. எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண், ஒய் வந்து சேர்ந்தால் ஆண். எது சேரும் என்பது தகப்பன் கையிலும் இல்லை, தாய் கையிலும் இல்லை. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வது சட்டப்படி குற்றம், 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆகையால் "இந்தத் தடவையாவது பையனைப் பெத்துக் கொடு" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். நீங்கள் விளையாட்டாகச் சொன்னதை அவள் பிரசவ அறை வரைக்கும் தூக்கிக்கொண்டு போவாள்.

பரிசோதனைக்கு ஒரு தடவையாவது நீங்களே கூட வாருங்கள். மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு ஆசுபத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளை டாக்டர் இலவசமாகப் பார்க்கிற திட்டம் 2016 முதல் நடக்கிறது. அன்றைக்கு வந்தால் டாக்டரிடம் நீங்களே நேரில் கேட்கலாம். வந்தால் அட்டையை வாங்கிப் படியுங்கள். ஹீமோகுளோபின் என்று எழுதியிருப்பது 11-க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. 7-க்குக் கீழே போனால் ஆபத்து. இரத்தம் குறைந்தாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும் பெண்ணுக்கு அசதி, எரிச்சல், அழுகை வரும். வீட்டில் அதைச் "சோம்பேறி" என்று சொல்லிவிடுவார்கள். நாலாம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். ராத்திரி படுக்கும்முன் மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் எடுத்துக் கொடுப்பது கணவரின் வேலை என்று வைத்துக்கொள்ளலாம். தேத்தண்ணீரோடு கொடுக்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. சாளையும் நெத்திலியும் நம் கரையிலேயே கிடைக்கிற நல்ல சத்து. விற்க எடுத்து வைத்ததில் ஒரு கை அவள் சட்டிக்கும் போகட்டும். நல்ல மீனெல்லாம் ஏலத்துக்குப் போய், மீன்பிடிக்கிறவன் வீட்டுக் கர்ப்பிணி மரச்சீனியும் மிளகாய்த் துவையலும் தின்பதை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி வருகிறது. அதற்குப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். பணம் அவள் பெயரிலுள்ள கணக்குக்கு வரும். அது படகு என்ஜினுக்கு டீசல் போடுவதற்கு வந்த பணம் அல்ல.

பிரசவ நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் அரசு ஆசுபத்திரிகளில் பிரசவ அறையில் கூட இருக்க உறவுக்காரப் பெண் ஒருத்தியை அனுமதிக்கிற ஏற்பாடு 2004 முதல் இருக்கிறது. கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் பிரசவ நேரம் சற்றுக் குறைகிறது, ஆபரேஷனும் குறைகிறது என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். யார் கூட இருக்க வேண்டும் என்பதை மாமியாரும் தாயாரும் தீர்மானிக்க வேண்டாம். அவளிடம் கேளுங்கள். அவளுக்கு அக்காவோடு மனம் ஒட்டும் என்றால் அக்கா வரட்டும்.

முதல் பிரசவத்துக்கு ஏழாம் மாதத்தில் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போகிற வழக்கம் நல்ல வழக்கம். பெண்ணுக்கு அங்கே ஓய்வு கிடைக்கும். ஆனால் அதோடு கணவரின் பொறுப்பு முடிந்தது என்று ஆகிவிடுகிறது. "இனி அவங்க பாத்துக்குவாங்க" என்று நீங்கள் இருந்துவிட்டால், பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் வந்து பார்க்கும்போது தகப்பன் வீட்டுக்கு விருந்தாளி. வாரத்துக்கு ஒரு தடவையாவது போங்கள். வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை.

இப்போது எப்போது ஆசுபத்திரிக்கு வர வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரசவமான மூன்றாம் நாள் தொடங்கி ஒரு வாரம், பத்து நாள் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. ஓய்வும் ஆதரவும் இருந்தால் அது தானாகப் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றாலும், கர்ப்பத்திலேயே இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் துக்கம், எதிலும் விருப்பமின்மை, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, "நான் எதுக்கும் உதவாதவள்" என்ற பேச்சு, பிள்ளைமேல் ஒட்டுதல் வராமை என்று இருந்தாலும், அது மனச்சோர்வாக இருக்கலாம். பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. 1987-இல் ஸ்காட்லாந்து நாட்டில் தயாரானது, தமிழிலும் உண்டு. அதை வைத்து ஐந்து நிமிஷத்தில் நாங்கள் கண்டுகொள்ளலாம். சாக வேண்டும் என்று ஒரு தடவை சொன்னாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே வாருங்கள், அவளைத் தனியே விடாதீர்கள். "சாகிறவ சொல்லிட்டா சாவா?" என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம், சொல்லிவிட்டுச் செய்தவர்கள் உண்டு.

இன்னொன்று அபூர்வமானது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்று, இரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடீரென்று தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாத பேச்சும் சந்தேகமும், இல்லாத குரல் கேட்பதுமாக வரும். பேய் பிடித்துவிட்டது என்று சொல்லி அடைத்து வைக்கிறார்கள். அது பேய் இல்லை, அவசர நோய். 108-ஐ அழைத்து உடனே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆசுபத்திரிக்குக் கொண்டுவந்தால் நன்றாகக் குணமாகிற நோய். இரத்தப்போக்கு, வலிப்பு, கடும் தலைவலியோடு கண் மங்குவது, பிள்ளையின் அசைவு குறைவது, பனிக்குடம் உடைவது இவற்றுக்கும் அதே 108-தான். மனக்கஷ்டத்துக்கு வீட்டிலிருந்தபடியே பேச 14416 என்ற இலவச எண் 2022 முதல் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். டாக்டர் கொடுக்கிற மருந்து கர்ப்பத்துக்கு ஏற்றதாகப் பார்த்துத்தான் கொடுப்பார். பயந்துகொண்டு நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஜெபத்தையும் நேர்ச்சையையும் விடச் சொல்லவில்லை. உங்கள் ஊர்க் கோவிலின் பேதுருவும் மீன்பிடித்தவர்தானே. அவர் மாமியார் காய்ச்சலில் கிடந்தபோது வீட்டில் இருந்தவர்கள் அதை மறைக்கவில்லை, ஆண்டவர் வந்ததும் முதலில் அதைத்தான் அவரிடம் சொன்னார்கள் என்று வேதத்தில் இருக்கிறது. நானும் அதைத்தான் கேட்கிறேன். வீட்டில் ஒருத்திக்கு முடியவில்லை என்றால் சொல்லுங்கள்.

தகப்பன்மாருக்கும் இது வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை பிறக்கிற காலத்தில் பத்து ஆண்களில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டிருக்கிறார்கள். ஆண்கள் அழுவதில்லை. எரிந்து விழுவார்கள், கூடுதலாகக் குடிப்பார்கள், வீட்டுக்கு வராமல் கடற்கரையிலேயே கிடப்பார்கள். கடன், வட்டி, வரப்போகிற செலவு என்று நெஞ்சு அடைத்துக் கிடந்தால் நீங்களும் அதே எண்ணில் பேசலாம். யாரும் சிரிக்கமாட்டார்கள்.

பேச்சு முடிந்த பிறகு சில கேள்விகள் வந்தன. அவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

ஒரு தம்பி கேட்டார்: "பொம்பளைக்க காரியத்துல ஆம்பள போய் நின்னா ஊர் சிரிக்காதா?"

சிரிக்கும். இரண்டு மூன்று வாரம் சிரிக்கும். வள்ளத்தில் முதன்முதல் என்ஜின் வைத்தவரையும் இந்தக் கரையில் சிரித்திருப்பார்கள். இப்போது துடுப்பு மட்டும் போட்டுப் போகிறவர் எத்தனை பேர்?

வயதான ஒரு மாமி எழுந்து நின்று, "நாங்க ஏழு, எட்டு பெத்தோம். கடவத்துல மீன் சுமந்து வித்துக்கிட்டே பெத்தோம். எங்களுக்கு இந்த மனநோயெல்லாம் வரல்லியே? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் வருது" என்றார்.

மாமி சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. உங்கள் தலைமுறை பட்ட கஷ்டம் எங்களுக்கு வராது. ஆனால் ஒன்று கேட்டேன்: "மாமி, அந்த எட்டுப் பிரசவத்தில் ஒரு தடவையாவது, மனசு எப்படி இருக்குன்னு உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?" மாமி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நாலாவது பிள்ளைக்கு மூணு மாசம் ஒரே அழுகைதான். அவருக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த மருமகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு இளைஞர்: "எனக்கு விசைப்படகுல வேலை. ஜூன், ஜூலை தடைக்காலம் முடிஞ்சு ஆகஸ்ட் 1-ஆம் தேதி கடலுக்குப் போனா வர நாள் ஆகும். அவளுக்கு டாக்டர் சொன்ன தேதி ஆகஸ்ட் 20. நான் என்ன செய்ய?"

இரண்டு மாதத் தடைக்காலம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறதே, அது பல தகப்பன்மாருக்குக் கிடைக்காதது. அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் நீங்களே கூட்டி வாருங்கள். பேதுரு பவுல் திருநாள் ஜூன் 29, அன்றைக்கு அவளையும் நெரிசலில்லாத நேரம் பார்த்துக் கூட்டிப் போங்கள், வீட்டுக்குள் அடைத்து வைக்க வேண்டாம். போகும்முன் நாலு காரியம் முடித்துவிட்டுப் போங்கள். ராத்திரி வலி கண்டால் கூடப் போகிறவர் யார் என்று அவளும் அவரும் அறிந்திருக்க வேண்டும். 108 வரத் தாமதமானால் எந்த வண்டி, அந்த ஓட்டுநரின் எண் என்ன என்று சுவரில் எழுதி வைக்க வேண்டும். அவளுடைய இரத்த வகையில் இரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேர் கரையில் இருக்க வேண்டும். செலவுக்குப் பணம் அவள் கையில் இருக்க வேண்டும். முடிந்தால் முதலாளியிடம் பேசி முதல் நடையை மட்டும் இன்னொருவருக்கு விட்டுக்கொடுங்கள். முடியாவிட்டால் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், அந்த வாரத்திலிருந்து நான் அடிக்கடி போய்ப் பார்க்கிறேன்.

அவர் மனைவியின் அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டேன். வேறு யாருக்காவது இதே போல ஆகஸ்ட், செப்டம்பரில் தேதி இருந்தால் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். வருகிற 9-ஆம் தேதி சுகாதார நிலையத்தில் பெண்கள் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே ஆண்களுக்கும் நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள்.